மாலை போட்ட அன்றே குடியை நிறுத்தலாமா?

வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

ஐப்பசி பிறந்ததும் குடியைப் பற்றிய கடிதங்கள் கூடிவிடும். கார்த்திகையில் மாலை போட நினைப்பவர்களின் வீட்டிலிருந்து வருபவை அவை. இந்த முறை நெல்லை, தென்காசிப் பக்கத்துக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். எழுதியவர்களின் பெயர்களை நீக்கிவிட்டோம். பதில் சொல்பவர்கள் ஒரு மனநல மருத்துவரும் ஒரு போதை மீட்பு ஆலோசகரும்.

என் வீட்டுக்காரர் கொத்தனார். பதினைந்து வருசமா குடி. இப்போ தினமும் ரெண்டு குவார்ட்டர். காலையில கை நடுங்கும், ஒரு கட்டிங் போட்டாத்தான் கரண்டி பிடிக்க முடியும். போன வருசம் மாலை போட்ட அன்னைக்கே நிறுத்தினார். மூணாம் நாள் ராத்திரி சுவர்ல பூச்சி ஊருதுன்னு தட்டிக்கிட்டே இருந்தார், யாரோ கூப்பிடுதாங்கன்னு தெருவுல ஓடினார். அருள் வந்திருக்குன்னு திருநீறு போட்டோம். இந்த வருசமும் கார்த்திகை ஒண்ணாம் தேதி மாலை. நல்லது செய்யப் போய் ஏன் இப்படி ஆகுது?
*பீடி சுற்றும் வாசகி, முக்கூடல்*

அம்மா, போன வருசம் வந்தது அருள் இல்லை. குடியைச் சட்டென்று நிறுத்தியதால் வந்த சன்னி. அன்று அவர் பிழைத்தது உங்கள் அதிர்ஷ்டம்.

முதலில் கணக்கு. ஒரு குவார்ட்டர் 180 மில்லி. பிராந்தியிலும் ரம்மிலும் 42.8 சதவீதம் ஆல்கஹால். அப்படியானால் ஒரு குவார்ட்டரில் சுமார் 60 கிராம், இரண்டில் 120 கிராம். ஈரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும். இரவு ஒன்பது மணிக்குக் குடித்து முடித்தாலும் மறுநாள் காலை ஒன்பது வரை, சில சமயம் அதற்கு மேலும், ரத்தத்தில் ஆல்கஹால் இருக்கும். அது இறங்க இறங்கத்தான் கை நடுக்கம். காலைக் கட்டிங் அவருக்கு ஆசையில்லை, மருந்து மாதிரி. உடம்பு அந்த நிலைக்குப் போய்விட்டது.

ஆடி மாசம் பணகுடிப் பக்கம் மேலக்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்குத் தெரியும். காற்றை எதிர்த்துச் சாய்ந்தே ஓட்டுவோம், காற்று சட்டென நின்றால் சாய்ந்த பக்கமே விழுவோம். ஆல்கஹால் மூளையை அடக்குகிறது. வருசக்கணக்கில் அந்த அடக்குதலை எதிர்த்து மூளை தன் முடுக்கத்தைக் கூட்டி வைத்திருக்கிறது. ஒரே நாளில் குடியை எடுத்துவிட்டால் அந்த முடுக்கம் மட்டும் மிஞ்சும்.

அது ஒரு கால அட்டவணைப்படி வரும். கடைசிக் குடிக்குப் பின் 6 மணி நேரத்திலிருந்து நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு, தூக்கமின்மை. 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணி நேரத்துக்குள், அதாவது மூன்றாம், நான்காம் நாளில், நீங்கள் பார்த்த சன்னி: பூச்சி தெரிவது, குரல் கேட்பது, இடம் நேரம் தெரியாமல் போவது, காய்ச்சல், தாறுமாறான நாடித்துடிப்பு. சிகிச்சை இல்லாவிட்டால் இதில் உயிர் போகும். சரியான சிகிச்சை கிடைத்தால் இறப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே. ஒருமுறை சன்னியோ வலிப்போ வந்தவருக்கு அடுத்தமுறை நிறுத்தும்போது இன்னும் கடுமையாக வரும். அதனால் உங்கள் வீட்டுக்காரர் வீட்டில் வைத்து நிறுத்தக்கூடியவர் அல்ல.

கார்த்திகை ஒன்றுக்குப் பத்து நாள் முன்னால், ஐப்பசிக் கடைசியிலேயே, ஆஸ்பத்திரியில் சேருங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். போகும்போது ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: கடைசியாகக் குடித்த நேரம், தினசரி அளவு, முன்பு வந்த வலிப்பு அல்லது சன்னி, சர்க்கரை, ரத்த அழுத்தம், மஞ்சள் காமாலை, சமீபத்தில் விழுந்து தலையில் அடிபட்டதா என்பது. கடைசியாகச் சொன்னதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மண்டைக்குள் ரத்தம் கசிந்திருந்தால் அதுவும் போதைக் குழப்பம் போலவே தெரியும்.

அங்கே குளோர்டயசெபாக்சைடு போன்ற மாத்திரையை முதலில் கூடுதலாகக் கொடுத்து, 5 முதல் 7 நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். ஈரல் கெட்டிருந்தால் லோராசெபம். இந்த மாத்திரைகளுக்கும் அடிமையாகலாம். மிச்சச் சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் தொடர்ந்து வாங்காதீர்கள்.

இன்னொன்று தயமின், அதாவது பி1 வைட்டமின் ஊசி. குடிப்பவர் சோறு குறைவாகச் சாப்பிடுவார், சாப்பிட்டதிலும் இந்த வைட்டமின் ஒட்டாது. "சோர்வா இருக்கார், ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க" என்று ஊர் கிளினிக்கில் நாமே கேட்போம். குளுக்கோஸை எரிக்கத் தயமின் வேண்டும். மிச்சமிருந்த கொஞ்சத்தையும் அந்தக் குளுக்கோஸ் தின்றுவிட்டால் கண் ஒரு பக்கம் இழுக்கும், நடை தள்ளாடும், புத்தி குழம்பும். கவனிக்காமல் விட்டால் புதிய ஞாபகம் எதுவும் நிற்காத நிலை நிரந்தரமாகிவிடும். குளுக்கோஸுக்கு முன்னாலோ அதோடு சேர்த்தோ தயமின் போட்டாயிற்றா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் வரை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். நடுக்கம் அடங்கும் அளவுக்குக் கொஞ்சம் குடித்துவிட்டு வந்தாலும் பரவாயில்லை. வீட்டில் வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவிக்கொத்து கொடுப்பது, வாயில் கரண்டி வைப்பது எதுவும் வேண்டாம். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், வலிப்பு நின்று மறுபடி வந்தாலும், சன்னி தெரிந்தாலும் 108.

இனி மாலை. விரதத்தை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. இரண்டு வேளைக் குளியல், செருப்பில்லாத நடை, சாயங்காலம் பஜனை, கூடவே நான்கு சாமிகள், எல்லோரும் "சாமி" என்று மரியாதையாகக் கூப்பிடுவது என 41 நாளுக்கு ஒழுங்கும் துணையும் கௌரவமும் ஒரே நேரத்தில் கிடைக்கின்றன. மீட்பு மையங்கள் காசு வாங்கிக்கொண்டு உண்டாக்கப் பார்ப்பதும் இதைத்தான். ஆபத்து இரண்டு முனையிலும் இருக்கிறது. முதல் ஐந்து நாளை மருந்து பார்த்துக்கொள்ளும். மாலை கழற்றும் நாளில் இவை எல்லாம் ஒருசேரப் போய்விடுகின்றன. அன்று பழைய அளவையே குடித்தால் உடம்பு தாங்காது, 41 நாளில் பழக்கம் இறங்கியிருக்கும். அதனால் மலைக்குப் போய் வந்த வாரத்திலேயே மருத்துவரை மறுபடி பார்க்கத் தேதி வாங்கி வையுங்கள். சாயங்காலம் ஆறு முதல் எட்டு வரை அவர் எங்கே இருப்பார் என்பதை மாலை கழற்றும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். வாரக்கூலி சனிக்கிழமை உங்கள் கைக்கு வர மேஸ்திரியிடம் இவரே பேசட்டும். நீங்கள் பேசினால் அது சண்டையாகும்.

குடியை மறக்கடிக்கும் பொடி என்று செல்போனில் விளம்பரம் வருகிறது. சோற்றில் கலந்து கொடுத்தால் மகனுக்குத் தெரியவே தெரியாது என்கிறார்கள். வாங்கலாமா?
*ஒரு தாய், வள்ளியூர்*

வேண்டாம் தாயே. பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று விற்பவரும் சொல்லமாட்டார். சிலவற்றில் டைசல்ஃபிரம் மாத்திரையைப் பொடித்துக் கலந்திருப்பார்கள். அது உண்மையான மருந்துதான், ஆபத்தும் அதில்தான் இருக்கிறது.

ஆல்கஹால் உடம்பில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறி, பிறகு அது கரையும். டைசல்ஃபிரம் அந்த இரண்டாம் படியை அடைத்துவிடும். மருந்து உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, தலை தெறித்து, வாந்தியெடுத்து, நெஞ்சு அடித்து, ரத்த அழுத்தம் இறங்கும். இதய நோய் உள்ளவர் இறந்துபோகலாம். தெரிந்து சாப்பிடுபவருக்கு இந்தப் பயமே காவல். தெரியாமல் சாப்பிடுபவர் என்ன நடக்கிறது என்றே தெரியாமல் இன்னும் கொஞ்சம் குடிப்பார். ஆகவே சம்மதம் இல்லாமல் இதைக் கொடுக்கவே கூடாது.

சம்மதித்துச் சாப்பிடுபவரும் கடைசிக் குடிக்குப் பின் குறைந்தது 12 மணி நேரம் கழித்தே தொடங்க வேண்டும். நிறுத்திய பிறகும் 14 நாள் வரை குடிக்கக்கூடாது. சில இருமல் டானிக்கிலும் எல்லா அரிஷ்டங்களிலும் ஆல்கஹால் உண்டு. நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை: பதநீர். கலயத்தில் சுண்ணாம்பு சரியாகத் தடவியிருந்தால் அது புளிக்காது. சுண்ணாம்பு குறைந்து வெயிலில் சில மணி நேரம் இருந்தால் கள்ளாகத் தொடங்கிவிடும். இந்த மருந்தில் இருப்பவர் பதநீரை அந்த சீசனுக்கு மறந்துவிடலாம். கருப்பட்டி சாப்பிடலாம், காய்ச்சும்போது எதுவும் மிஞ்சுவதில்லை.

வாரம் ரெண்டு பீர்தான் அண்ணாச்சி, ஸ்ட்ராங் பீர். அதுவும் போதையா? மோர் குடித்து, குளித்துவிட்டுப் பைக் எடுத்தால் தெளிந்துவிடாதா?
*வாசகர், பாளையங்கோட்டை*

650 மில்லி ஸ்ட்ராங் பீர் 8 சதவீதம் என்றால் ஒரு பாட்டிலில் சுமார் 41 கிராம் ஆல்கஹால். முக்கால் குவார்ட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. இரண்டையும் ஒரே நாளில் குடித்தால் 82 கிராம், ஒரு குவார்ட்டரைத் தாண்டிவிட்டீர்கள். மோர், எலுமிச்சை, குளியல், கறுப்புக் காபி எதுவும் ஈரலின் வேகத்தைக் கூட்டாது. குளித்தால் ஈரமான குடிகாரர், அவ்வளவுதான். சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குற்றம். முதல்முறை பிடிபட்டாலே 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இரவு இரண்டு குடித்தால் மறுநாள் காலை வண்டிக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

நிறுத்தி நாலு மாசம் ஆச்சு. பங்குனியில எங்க சுடலைமாடன் கோயில் கொடை. படையலுக்குச் சரக்கு வாங்கி வைக்கிறது எங்க வகையறா முறை, இந்த வருசம் என் கையில வருது. முறையை விடவும் முடியாது, பாட்டிலைத் தொடவும் பயமா இருக்கு.
*வாசகர், நாங்குநேரி வட்டாரம்*

பயம் சரியான பயம். உங்களைத் தள்ளிவிடப்போவது சாமிக்கு வைக்கும் பாட்டில் மட்டும் இல்லை. அதை வாங்கக் கடை வாசலில் நிற்கும் வரிசை, வில்லுப்பாட்டு, மேளம், ஊரிலிருந்து வந்த மச்சினன்மார், தூக்கமில்லாத இரவு, நடுச்சாமப் பூசை முடிந்து படையலைப் பங்கு வைக்கும் நேரம், எல்லாம் சேர்ந்துதான். பழகிய இடமும் வாசனையும் நேரமும் வந்தால் மூளை பழைய கணக்கைத் தானே எடுத்துவிடும். அதற்கும் மனவுறுதிக்கும் சம்பந்தம் இல்லை.

முறை உங்கள் வகையறாவுக்கு. வாங்கும் கை உங்கள் தம்பியுடையதாகவோ சித்தப்பா மகனுடையதாகவோ இருக்கலாம். காசை நீங்கள் கொடுங்கள், இன்னொருவர் வாங்கட்டும், கொடைக்கு ஒரு மாதம் முன்பே கோயில் பெரியவர்களிடம் சொல்லிவிடுங்கள். அன்றைக்குச் சொன்னால் கேலியாகும். உங்களுக்குக் கையும் காலும் ஓயாத ஒரு வேலையை வாங்கிக்கொள்ளுங்கள். சமையல் பந்தியோ வரிக்கணக்கோ ஜெனரேட்டரோ எதுவானாலும் சரி. பூசைக்கு முன்பே வயிறு நிறையச் சாப்பிடுங்கள். பசியும் தூக்கக் கலக்கமும் கோபமும் சேர்ந்தால் ஆசை இரட்டிப்பாகும். குடிக்காத ஒருவரிடம் சொல்லிவைத்து, பங்கு வைக்கும் நேரத்தில் அவரோடு வீட்டுக்குக் கிளம்பிவிடுங்கள். தாகம் பொங்கி வந்தால் பெரும்பாலும் 20, 30 நிமிடத்தில் இறங்கிவிடும். அதுவரை தண்ணீர், நடை, போன் பேச்சு.

கொடைக்குச் சில வாரம் முன்பே மருத்துவரிடம் நால்ட்ரெக்ஸோன் பற்றிக் கேளுங்கள். தினம் 50 மில்லிகிராம். குடித்தால் கிடைக்கும் கிறக்கத்தை அது மட்டுப்படுத்தும், டைசல்ஃபிரம் போல் குமட்ட வைக்காது. ஈரல் பரிசோதனை பார்த்தே தொடங்குவார்கள். டிரமடால் போன்ற வலி மாத்திரை எடுப்பவர்களுக்கு ஆகாது. ஈரல் சரியில்லாதவர்களுக்கு அகாம்ப்ரோசேட் இருக்கிறது, அதற்குச் சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும்.

ஒருவேளை ஒரு மடக்கு உள்ளே போய்விட்டால், "எல்லாம் போச்சு" என்று பாட்டிலை முடிக்காதீர்கள். முழுப் பழக்கமும் திரும்புவது பெரும்பாலும் அந்த நினைப்பினால்தான். மறுநாளே மருத்துவரைப் பாருங்கள்.

கள்ளச்சாராயம் குடித்தால் கண் ஏன் போகிறது?
*மாணவி, அம்பாசமுத்திரம்*

அதில் கலக்கும் மெத்தனாலால். நாம் குடிக்கும் எத்தனாலை உடைக்கும் அதே நொதி மெத்தனாலையும் உடைக்கத் தொடங்க, அது கடைசியில் ஃபார்மிக் அமிலமாகிறது. கண் நரம்பைச் சாகடிப்பது அந்த அமிலம். 10 மில்லி சுத்த மெத்தனாலே பார்வையைப் பறிக்கலாம். வாசனையிலோ ருசியிலோ கண்டுபிடிக்க முடியாது. விஷம் வேலை காட்ட 12 முதல் 24 மணி நேரம் ஆகும். அதற்குள் "சாதாரண போதைதான்" என்று படுத்துவிடுகிறார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் இறந்தார்கள். பார்வை மங்கினாலோ வெண்பனி மூடியதுபோல் தெரிந்தாலோ, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் இருந்தாலோ டயாலிசிஸ் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும். கூடக் குடித்தவர்கள் நன்றாக இருந்தாலும் அவர்களையும் அழைத்துப் போக வேண்டும்.

மகனுக்கு 19 வயது. கஞ்சாவில் ஆரம்பித்தான். இப்போது மேசையறையில் வலி மாத்திரை அட்டைகளும் ஊசியும் கிடக்கின்றன. ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகுமோ என்று அவன் அம்மா அழுகிறாள்.
*ஒரு தந்தை, சங்கரன்கோவில்*

ஐயா, கேஸ் பயத்தால் தள்ளிப்போட வேண்டாம். சிகிச்சைக்கு வருபவரின் விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்பது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலும் 64ஏ என்ற பிரிவு உண்டு. உபயோகித்ததற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவர் தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு பெற வழி இருக்கிறது. சிகிச்சையை முழுதாக முடிக்காவிட்டால் அந்த விலக்கு போய்விடலாம். கஞ்சாவில் சிறு அளவு என்பது 1 கிலோ வரை. சிறு அளவு என்றால் குற்றமில்லை என்று பையன்கள் நினைக்கிறார்கள். அதற்கும் ஓராண்டு வரை சிறை உண்டு.

அட்டைகளைத் தூக்கி எறியாதீர்கள், மருத்துவரிடம் கொண்டுபோங்கள். டாபென்டடால் என்ற வலி மாத்திரையா, பிரிகாபலின் என்ற நரம்புவலி மாத்திரையா, நைட்ரஜெபம் என்ற தூக்க மாத்திரையா என்பதைப் பொறுத்துச் சிகிச்சை மாறும். வாயில் போடச் செய்த மாத்திரையில் மாவும் டால்க்கும் சேர்ந்திருக்கும். அவை ரத்தத்தில் கரையாது. நரம்பு அடைத்து, கை வீங்கி, விரல் கறுத்து, சில சமயம் விரலையே எடுக்க வேண்டி வரும். துகள் நுரையீரலில் போய்த் தங்கும். அழுக்கு ஊசியால் இதய வால்வில் கிருமி பிடிக்கும். ஊசியைப் பகிர்ந்திருந்தால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி மூன்றுக்கும் ரத்தம் பாருங்கள். ஹெபடைடிஸ் சி இப்போது மாத்திரையிலேயே குணமாகிறது.

வலி மாத்திரையை அவன் நிறுத்தும்போது கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சம், வயிற்றுப்போக்கு, உடம்பு முறிவது போன்ற வலி எல்லாம் வரும். இரண்டு மூன்று நாளில் உச்சம், ஒரு வாரத்தில் தணியும். குடியை நிறுத்தும்போது வருவது போன்ற சன்னி இதில் அரிது, நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் நைட்ரஜெபம் கலந்திருந்தால் திடீரென நிறுத்துவதால் வலிப்பு வரும். அட்டையைக் கேட்பது அதற்காகத்தான். தேவைப்பட்டால் வலி மாத்திரைக்குப் பதிலாகப் புப்ரினார்ஃபின் என்ற மருந்து கொடுப்பார்கள். அதை "ஒரு போதைக்கு இன்னொரு போதை" என்று பாதியில் பிடுங்காதீர்கள்.

அதிகம் பேர் இறப்பது எப்போது தெரியுமா? சில வாரம் நிறுத்திவிட்டு வந்து, பழைய அளவையே மறுபடி எடுக்கும்போது. உதடு நீலம் பாரித்து, கண்மணி ஊசிமுனையளவு சுருங்கி, மூச்சு நிமிடத்துக்குப் பத்துக்கும் குறைந்து, எழுப்பினால் எழும்பாவிட்டால் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். உப்புத் தண்ணீர், முகத்தில் அறைதல் எதுவும் வேண்டாம். என்ன எடுத்தான் என்று உள்ளதைச் சொல்லுங்கள். நலாக்சோன் என்ற மாற்று மருந்து இருக்கிறது.

ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் உதட்டுக்குள் எதையோ வைத்துக்கொண்டு வகுப்பில் உட்காருகிறார்கள்.
*ஆசிரியை, தென்காசி*

அநேகமாக கூல் லிப் என்று அவர்கள் சொல்லும் புகையிலைப் பொட்டலம். வாசனை வராது, புகை வராது, அதனால் பிடிபடுவதில்லை. ஈறு வெளுத்திருக்கிறதா என்று உதட்டை விலக்கிப் பாருங்கள். பாக்கு கலந்ததையும் மெல்லும் பையனுக்கு வாயைத் திறந்து மூன்று விரலைச் செங்குத்தாக நுழைக்க முடியாவிட்டால் பல் மருத்துவரிடம் அனுப்புங்கள். பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது, 18 வயதுக்குக் கீழே யாருக்கும் எங்கும் விற்கக்கூடாது. பையனை நீக்குவதைவிட அந்தக் கடையைப் பற்றிப் புகார் செய்வது பலன் தரும்.

தனியார் மையத்தில் ராத்திரி வேன் அனுப்பித் தூக்கிக்கொண்டு போவார்களாம். ஆறு மாதம் பார்க்கக்கூடாதாம். நல்ல இடமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
*வாசகி, சேரன்மகாதேவி*

ஆறு மாதம் பார்க்கக்கூடாது என்று சொன்னாலே அந்த இடம் வேண்டாம். மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த சான்றைக் கேளுங்கள். முதல் ஐந்து நாள் இரவில் யார் இருப்பார்கள், வலிப்பு வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள் என்று கேளுங்கள். "முன்பு குடித்து மீண்டவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்பது அதற்குப் பதிலாகாது. மீண்டவர்கள் நல்ல துணை, மருத்துவருக்கு மாற்று அல்ல. சம்மதிக்காதவரைச் சேர்க்க ஒரு மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும், அதுவும் முதலில் 30 நாள் வரைதான். சங்கிலியால் கட்டுவது சட்டப்படி தடை. 2001-இல் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் கட்டிவைக்கப்பட்ட 28 பேர் தீயில் இறந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டும் கட்டணமில்லாதவை.

நிறுத்தி ரெண்டு மாசம். ஈரல் டெஸ்ட் எல்லாம் நார்மல். இனி விசேஷத்துக்கு மட்டும் அளவா எடுத்துக்கலாமா?
*வாசகர், களக்காடு*

குடியால் ஏறும் ஜிஜிடி என்ற நொதி, நிறுத்தினால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். இரண்டு மாதத்தில் நார்மல் என்றால் நீங்கள் குடிக்கவில்லை என்பதற்குத்தான் அது சாட்சி. ஈரல் சுருங்கத் தொடங்கியவர்களுக்கும் இந்த நொதிகள் நார்மலாக வருவதுண்டு. காலை நடுக்கம் வரை போனவர் அளவாகக் குடிக்க முயன்றால் பெரும்பாலும் சில மாதத்தில் பழைய அளவுக்கே வந்துவிடுகிறார். எங்கள் பதில் கூடாது என்பதுதான். வேண்டுமானால் ரத்தத்தில் அல்புமின் என்ற புரதமும் பிளேட்லெட் என்ற தட்டணுக்களும் எவ்வளவு என்று பாருங்கள். பிளேட்லெட் 1,50,000-க்குக் கீழே இருந்தால் வயிற்று ஸ்கேன் எடுத்துக்கொண்டு ஈரல் மருத்துவரிடம் போங்கள்.